குளவி இல்லாத ஓட்டம்

அந்த மலையில் எவரும் சும்மா ஓடுவதில்லை.

பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் ரோட்டில் ஓடுவார்கள். காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் பிந்தியவர்கள் லயத்து வீட்டு வாசலில் ஓடுவார்கள். ஆனால் கொழுந்து பறிக்கிற நேரத்தில், தேயிலை நிரைகளுக்கு நடுவே, தலையில் துணியைப் போர்த்திக்கொண்டு, இரண்டு கைகளையும் விசிறிக்கொண்டு ஒருவன் தலைதெறிக்க ஓடி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். குளவி.

பிறந்ததிலிருந்து ஐம்பத்திரண்டு வருஷமாக இதே தோட்டத்தில் கிடக்கும் யோகேஸ்வரனுக்கு இது தெரியாததல்ல. அன்று காலை ஏழே முக்காலுக்கு மறந்துபோயிற்று, அவ்வளவுதான்.

துவாய் தலையில் இருந்தது பனிக்காக. கை விசிறியது, கைப்பேசியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஒரு ஆள் அப்படி விசிறச் சொன்னதற்காக. தலைதெறிக்க ஓடியதற்குக் காரணம் இறக்கம். பன்னிரண்டு வருஷமாக ஆட்டோவில் உட்கார்ந்தே பிழைத்த உடம்பு அது. இறக்கத்தில் ஒருமுறை கிளம்பிவிட்டால் பிரேக் பிடிக்காது.

"குளவி! ஓடுங்கடி!"

முதலில் கத்தியது யார் என்பது பிறகு நடந்த விசாரணையிலும் தெரியவரவில்லை. நாலாம் நம்பர் மலையில் நின்ற பதினொரு பெண்களும் கூடைகளை வீசிவிட்டு நாலு திசையிலும் சிதறினார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டிய கங்காணி நிரஞ்சன் எல்லாருக்கும் முன்னால் ஓடிப் போய் ரோட்டில் ஏறி நின்றுகொண்டு, "பதறாதீங்க, பதறாதீங்க" என்று கத்தினான்.

யோகேஸ்வரன் அந்தச் சத்தத்தைக் கேட்டார். பெண்கள் ஓடுவதைப் பார்த்தார். 'ஐயையோ, குளவியா!' என்று அவரும் பயந்து, நிற்கப் போன காலை மறுபடி எடுத்து இன்னும் இருபது அடி ஓடினார். தன்னைப் பார்த்து ஓடுகிறவர்களைப் பார்த்துத் தானே ஓடிய மனிதர் அந்த மாவட்டத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

கடைசியில் கானுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அடே யோகேசு! எங்கடா குளவி?"

மீனம்மா. ஐம்பத்தாறு வயசு. மழைத்தண்ணி ஓடும் கானில் உட்கார்ந்து, வலது கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"குளவி இல்லக்கா."

"அப்ப என்னா எழவுக்குடா ஓடுன?"

"எக்சசைஸ்."

அந்தப் பதிலுக்குப் பத்துப் பெண்களும் பேசியதை எழுதினால் பத்திரிகைக்காரர் அச்சில் போடமாட்டார்.

"எங்களுக்கு ஒடம்பு நோவுது, இவருக்கு எக்சசைஸாம்!"

"வாங்கண்ணே, என் கூடையைத் தூக்கிட்டு மேல ஏறுங்க. நல்லா எக்சசைஸா இருக்கும்!"

யோகேஸ்வரன் கூட்டத்தில் தன் மனைவியைத் தேடினார். ஜீவராணி கொழுந்து பறிப்பதிலும் மலை ஏறுவதிலும் யாருக்கும் சளைக்காதவள். ஆடு மாதிரி ஏறுவாள். இன்றைக்கு அவள் மற்றவர்களோடு ரோட்டுக்குப் போய்ச் சேரவில்லை. பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னா ராணி, குளவி வந்தா நீதான் மொதல் கொட்டு வாங்குவ போலருக்கு" என்றார் யோகேஸ்வரன்.

அவள் சிரிக்கவில்லை. "உங்கள நடக்கத்தானே சொன்னாங்க?" என்றாள். "ஓடச் சொன்னாங்களா?"

*

இந்த ஓட்டத்துக்குப் பின்னால் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. தவறாமல் படித்து வருகிறவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். இடையில் ஒரு வாரம் விட்டுப்போனவர்களுக்காக மட்டும் சொல்கிறேன்.

யோகேஸ்வரனுக்கு ஏழு வருஷமாகச் சீனி வருத்தம், சர்க்கரை நோய். மாதம் ஒருமுறை டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போவார், குளிசை மாத்திரை எடுப்பார், வருகிற வழியில் ஒரு கேக் துண்டு சாப்பிட்டுவிட்டு அதை யாரிடமும் சொல்லமாட்டார். போன மாதம் மூத்திரப் பரிசோதனையில் புரதம் நிறையப் போகிறது என்று அந்தக் காகிதத்தில் வந்தது. "கிட்னியைக் கொஞ்சம் கவனிக்கணும், அடுத்த மாசம் திரும்பப் பார்ப்போம். நல்லா நடங்க" என்று டொக்டர் சொல்லி அனுப்பினார்.

கவனிக்கணும் என்றால் என்ன? போயிற்றா, போகப்போகிறதா, இருக்கிறதா?

அவருக்கு அது விளையாட்டு இல்லை. அவருடைய அண்ணன் வீரய்யா இரண்டு வருஷத்துக்கு முன் கிட்னி போய்த்தான் செத்தார். கண்டிக்கு வாரம் மூன்று தடவை ரத்தம் சுத்தம் பண்ணக் கொண்டு போனார்கள். கடைசி வரைக்கும் அந்த மனிதரிடம் "வெறும் வாயுவுக்குத்தான் வைத்தியம்" என்றே எல்லாரும் சொன்னார்கள். சொன்னவர்களில் யோகேஸ்வரனும் ஒருவர். ஜோக் அடித்துச் சொன்னார். அண்ணனும் நம்பிச் சிரித்தார்.

அதனால்தான் இந்த ஒரு மாதமாக அவர் யார் முகத்தைப் பார்த்தாலும் அதில் 'வாயு' என்று எழுதியிருக்கிறதா என்று தேடினார். மனைவியைக் கேட்டால், "ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க" என்றாள். மகளைக் கேட்டால், "டொக்டரைக் கேளுங்கப்பா" என்றாள். ஒருவரும் நேராகச் சொல்லவில்லை.

ஆகவே அவர் தானே வைத்தியம் பார்த்துக்கொள்ள முடிவு செய்தார். நடந்தால் நல்லது என்றால், ஓடினால் இன்னும் நல்லதுதானே? மூன்று நாளாக விடியலில் ஓடினார். இன்று கிளினிக் நாள் என்பதால் ஓட்டத்தைப் போத்தல் நிரப்பும் நேரத்துக்குத் தள்ளிவைத்தார். சோதனைக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நல்ல ஓட்டம் ஓடி, கிட்னியைக் கழுவிவிட்டுப் பிறகு போத்தலை நிரப்பலாம் என்று நினைத்தார். வாளியைக் கழுவிவிட்டுத்தானே தண்ணீர் பிடிக்கிறோம்?

*

லயத்தில் தன் வீட்டுக் காம்பராவுக்கு வந்து போத்தலை நிரப்பி மூடியை இறுக்கும்போது, ஜீவராணி மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"அதக் குடுங்க. என் பையில வைக்கிறேன். நானும் வர்றேன்."

"நீ எப்படி வருவ? மீனம்மாக்காவ டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்லி கங்காணி உன்னத்தானே சொன்னான்?"

"வேற யாரும் போவட்டும்."

"என் புருசன் பண்ணுன வேலைக்கு நானே போறேன்னு சபையில சொன்னது யாரு?"

அவள் வாசலைப் பார்த்தாள், போத்தலைப் பார்த்தாள், மறுபடி வாசலைப் பார்த்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். ஈரமில்லாத கை.

"அடுத்த வாரம் போங்களேன்" என்றாள்.

"கிளினிக் என்னா சித்தப்பன் வீடா, நெனச்ச நாளைக்குப் போறதுக்கு?"

"இல்ல... நான் இல்லாம எப்பவும் போனதில்லயே நீங்க."

"நிஷாந்தியக் கூட்டிட்டுப் போறேன். நீ பயப்படாத. கிட்னி தனியா ஓடிப் போயிடாது."

வெளியிலிருந்து மீனம்மா, "ஏன்டி ஜீவராணி, நான் செத்த பொறகு கூட்டிட்டுப் போவியா?" என்று கத்தினாள்.

ஜீவராணி படி இறங்கினாள். இறங்கியவள் திரும்பினாள். "டவுன்ல இருந்து வரும்போது எனக்கு ஒரு செருப்பு வாங்கிட்டு வாங்க. ஒரு சைஸ் பெருசா."

"போன வருஷம் வாங்கினது?"

"சுருங்கிருச்சு."

"ரப்பர் சுருங்குமா புள்ள?"

"மழையில சுருங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

*

மகள் நிஷாந்தி டவுனில் மர்சூக்கின் கடையில் வேலை பார்க்கிறாள். துணியும் செருப்பும் விற்கும் கடை. இருபத்துமூன்று வயசு. அப்பாவின் வாயையும் அம்மாவின் பிடிவாதத்தையும் சரிபாதியாக எடுத்துக்கொண்டு பிறந்தவள். அரை நாள் லீவு கேட்டு அப்பாவின் ஆட்டோவில் ஏறினாள்.

"காலையில தோட்டத்துல குளவியாமே?"

"அதுக்குள்ள டவுனுக்கு வந்துருச்சா?"

"நம்ம பூண்டுலோயா டவுன் முழுக்க வந்துருச்சு. கொட்டுப்பட்டவங்க பதினஞ்சு பேருன்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போறாரு."

"கொட்டு ஒண்ணும் இல்ல. மீனம்மாக்காவுக்குக் கால் சுளுக்கு. குளவி நான்தான்."

நிஷாந்தி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அவரும் சிரித்தார். வளைவு திரும்பியதும் சிரிப்பு நின்றது.

"நேரா சொல்லு புள்ள. அந்தக் காகிதத்த நீ படிச்ச. என் கிட்னி போயிருச்சா?"

"ரோட்டப் பாருங்கப்பா."

ஆஸ்பத்திரியில் போத்தலைக் கொடுத்தார்கள், ரத்தம் கொடுத்தார்கள், வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்கள். யோகேஸ்வரனால் உட்கார முடியவில்லை. எழுந்தார், கதவு வரை போனார், வந்தார். பக்கத்தில் இருந்த சிங்களப் பெரியவரிடம் நேரம் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் கைக்கடிகாரத்தில் சரிபார்த்தார். மூன்றாவது தடவை அந்தப் பெரியவர் கேட்கும் முன்பே நேரத்தைச் சொன்னார்.

மத்தியானம் தாண்டி ஒரு வழியாகப் பெயரைக் கூப்பிட்டார்கள்.

டொக்டர் முனீராவுக்குச் சின்ன வயசு. கிளினிக் கொப்பியைப் புரட்டினார். முன்பக்கம் போனார், பின்பக்கம் வந்தார். நெற்றி சுருங்கியது. யோகேஸ்வரன் கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"காலையில ஏதும் பாரமான வேலை செஞ்சீங்களா, ஐயா?"

"ஓடினேன் டொக்டர். மூணு நாளா ஓடுறேன். கிட்னியக் கழுவ."

"எதை?"

அவர் வாளிக் கதையைச் சொன்னார். டொக்டர் பேனாவை வாய்க்கு மறைவாகப் பிடித்துக்கொண்டார்.

"அப்படி இல்ல, ஐயா. திடீர்னு கடுமையா ஓடினா, பாரம் தூக்கினா, நல்ல கிட்னி கூட ஒரு நாள் ரெண்டு நாள் கொஞ்சம் புரதத்த வெளிய விடும். அப்புறம் தானா நின்னுரும். அதனாலதான் சோதனைக்கு முதல் நாள் ஆறுதலா இருக்கச் சொல்றது. நீங்க பரீட்சை ஹோல் வாசல்ல குத்துச்சண்டை போட்டுட்டு வந்திருக்கீங்க."

"அப்ப ஓடக்கூடாதா?"

"நடங்க. தினம் அரை மணித்தியாலம், பேசிக்கிட்டே நடக்கிற வேகத்துல. சீனி அடங்கும், பிரஷர் அடங்கும். அது ரெண்டும் அடங்கினா கிட்னிக்குப் பாதுகாப்பு. போன கிட்னிய நடந்து திருப்ப முடியாது. இருக்கிறத நடந்து காப்பாத்தலாம்."

"இருக்கா?" யோகேஸ்வரன் மேசை விளிம்பைப் பிடித்தார். "அத மட்டும் சொல்லுங்க. எனக்கு இருக்கா?"

டொக்டர் எழுந்து வந்து, அவருடைய காலை நீட்டச் சொல்லி, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து எடுத்தார். தோல் உடனே சமமானது.

"வீக்கம் இல்ல. கிட்னி வருத்தம்னா சிலருக்கு இப்படி அழுத்தினா குழி விழும், அப்படியே நிற்கும்."

நாற்காலிக்குத் திரும்பி, கொப்பியை நிஷாந்தி பக்கம் திருப்பினார்.

"எனக்கு ஒண்ணு விளங்கல. போன மாசம் மூத்திரத்துல புரதமும் நிறைய, சீனியும் நிறைய. ஆனா அன்னைக்கு எடுத்த ரத்தத்துல சீனி நல்லா அடங்கித்தான் இருக்கு. இன்னைக்கு இவ்வளவு ஓடிட்டு வந்தும் புரதம் ஒரு துளிதான். சீனி இல்லவே இல்ல. ஒரு கொப்பியில ரெண்டு ஆளோட மூத்திரம் மாதிரி இருக்கு."

"போத்தல் மாறியிருக்குமா?" என்றார் யோகேஸ்வரன். குரலில் ஒரு துள்ளல் வந்துவிட்டது.

"நான் எங்கட பக்கம் விசாரிக்கிறேன். நீங்க ஒரு வாரம் ஓடாம, திரும்ப ஒரு போத்தல் கொண்டு வாங்க. அதப் பாத்துட்டுத்தான் நான் உறுதியா சொல்லுவேன்." டொக்டர் கொப்பியை மூடினார். மூடிய கையை எடுக்கவில்லை. "ஆனா மாறியிருந்தா, அந்த ஆள் யாருன்னு கண்டுபிடிக்கணும், ஐயா. அவருக்குச் சீனி வருத்தம் இருக்கு, கிட்னியும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அவருக்கே அது தெரியாம இருக்கும்."

*

வெளியே வந்ததும் யோகேஸ்வரனுக்குப் பசித்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு பசித்தது.

"பாவம், எவனோ ஒருத்தன்" என்றார். "என் கிட்னின்னு நெனச்சு நான் ஒரு மாசமா அவன் கிட்னிக்குக் கவலப்பட்டிருக்கேன். பாத்தா ஒரு டீ வாங்கித் தரச் சொல்லணும்."

நிஷாந்தி கிளினிக் கொப்பியில் போன மாதத்துப் பக்கத்தையே கடை வாசல் வரைக்கும் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் பேசாமல் இருந்தால் அது மழைக்கு முந்தின காற்று மாதிரி.

கடையில் மர்சூக் நானா செருப்புகளை எடுத்துப் போட்டார்.

"ஜீவராணி அக்காவுக்கா? அவங்களுக்கு ஆறாம் நம்பர்தானே. நான்தானே போன வருஷம் குடுத்தேன்."

"ஏழு குடுங்க நானா. பழசு மழையில சுருங்கிருச்சாம்."

மர்சூக் சிரித்தார். "இருபத்தஞ்சு வருஷமா செருப்பு விக்கிறேன், அண்ணே. ரப்பர் விரியும், பிய்யும், நாய் தூக்கிட்டுப் போவும். சுருங்கினத நான் பாத்ததில்ல. கால்தான் பெருத்திருக்கும்."

யோகேஸ்வரனும் சிரிக்க வாயைத் திறந்தார்.

திறந்த வாய் அப்படியே நின்றது.

"அப்பா," என்றாள் நிஷாந்தி மெதுவாக, "போன மாசம் அந்தப் போத்தல யாரு கொண்டாந்தா?"

"உங்கம்மாதான். அவ பையில." அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ஆஸ்பத்திரிக்கு வந்ததும் கக்கூசுக்குப் போயிட்டு வர்றேன்னு பையோட போனா."

மர்சூக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பையில போடவா, அண்ணே?" என்று கேட்டார். யோகேஸ்வரன் காசை வைத்துவிட்டு, செருப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினார்.

*

தோட்டத்துக்கு ஏறும் ரோட்டில் ஆட்டோ முதல் கியரில் முக்கியது. வழக்கமாக அந்த ஏற்றத்தில் யோகேஸ்வரன் ஏதாவது பாடுவார். இன்று நினைத்துப் பார்த்துக்கொண்டே போனார். ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து போகிறாள். அவள் சொன்னது, "குளிரு". ஒரு செம்புத் தண்ணியை ஒரே மூச்சில் குடிக்கிறாள், "வெயிலு". இன்று காலை பாதி வழியில் கல்லில் உட்கார்ந்தாள். அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவர்தான் ஜோக் அடித்தார்.

மீனம்மா லயத்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், கணுக்காலில் வெள்ளைக் கட்டு. "வாடா குளவி" என்றாள். "உன்னால எனக்கு மூணு நாள் வீட்டுல இருக்கச் சொல்லியிருக்காங்க. புண்ணியவான்."

"அப்புறம் வர்றேன்க்கா" என்று தாண்டிப் போனார். பதிலுக்கு ஒரு ஜோக் கூடச் சொல்லாமல் அவர் போனதைப் பார்த்து மீனம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

மலையில் வேலை முடியும் சங்கு ஊதி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஜீவராணி கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்திருந்தாள். தலையில் கூடைக் கயிறு அழுத்திய கோடு இன்னும் இருந்தது. டிஸ்பென்சரிக்குப் போய் வந்த பிறகும் பதினெட்டுக் கிலோ பறித்திருந்தாள்; அதை அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

"என்னா சொன்னாங்க?" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"ஓடக்கூடாதாம். நடக்கணுமாம்."

"நான்தான் காலையிலயே சொன்னேனே. தேத்தண்ணி ஊத்தவா?"

"செருப்ப போட்டுப் பாரு."

"அப்புறம் போடுறேன்."

"இப்ப போடு, ராணி."

அவர் கீழே, மண் தரையில் உட்கார்ந்தார். அவளுடைய காலை எடுத்துத் தன் மடியில் வைத்தார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவர் செய்யாத வேலை அது. ஜீவராணி "ஐயோ, என்னாங்க இது, புள்ள வந்துறப் போறா" என்று இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். விடவில்லை. கணுக்காலுக்கு மேலே, டொக்டர் அழுத்திய அதே இடத்தில், கட்டைவிரலை வைத்து அழுத்தினார். மனசுக்குள் பத்து வரை எண்ணினார். எடுத்தார்.

கட்டைவிரல் அளவில் ஒரு குழி. அப்படியே நின்றது.

அவர் அதற்கு ஒரு ஜோக் தேடினார். ஐம்பத்திரண்டு வருஷமாக எந்த இடத்திலும் கைகொடுத்த வாய், இங்கே கைவிட்டது.

"போன மாசம் அந்தப் போத்தல்ல இருந்தது யாரோடது?"

"அடுப்புல தண்ணி கொதிக்குது..."

"கொதிக்கட்டும். எங்கண்ணன்கிட்ட நாம எல்லாரும் வாயுன்னு சொன்னோம். என்கிட்ட அப்படிச் சொல்லாத. நேரா சொல்லு."

ஜீவராணி தன் காலிலிருந்த குழியைப் பார்த்தாள். பிறகு இந்த ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"என்னோடதுதாங்க. உங்கண்ணனுக்கு ஆனது உங்களுக்கும் ஆயிருமோன்னு பயந்து, உங்களோடத கீழ ஊத்திட்டு என்னோடத புடிச்சுக் குடுத்தேன். தெனம் மலை ஏறி எறங்குற பொம்பள, பாரம் தூக்குறவ, எனக்கு எந்த நோய் வரப்போவுதுன்னு நெனச்சேன். என்னோடது நல்லதாத்தானே இருக்கும், நீங்க தப்பிச்சிருவீங்கன்னு நெனச்சேன்."